பென்சிற் கோடும் உழவன் முதுகும்

1813 ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஜோன் கொன்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் சிறு கொப்பியொன்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு திரிந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவினது அது. தாம் பிறந்த சபோக் பகுதியின் ஈஸ்ட் பேர்கோல்ட் கிராமத்து வயல்களிலும், ஸ்டூர் ஆற்றின் கரைகளிலும் நின்றவாறே அதன் பக்கங்களைப் பென்சிலால் நிரப்பினார். சில பக்கங்களில் ஒரே காட்சி. வேறு சிலவற்றிலோ நாலைந்து சிறு சித்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மரம், மதகு, ஆலை, மாடு, வண்டி, ஏர் பிடித்தவன் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்துள்ளன. மறு ஆண்டும் அவ்வாறே இன்னொரு கொப்பி நிரம்பிற்று. இரண்டையும் அவருடைய மகள் இசபெல் 1888 இல் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலைக்கு வழங்கினார்.

அக்கொப்பிகளின் ஒளிப்படப் பிரதிகளை நாம் பல மாலைப்பொழுதுகளில் வைத்துப் பார்த்ததுண்டு. பார்த்ததை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் நகைத்தார். "ஆலை முதலாளியின் மகன் உலாவப் போனபோது கீறிய கோடுகளிலே உழைக்கும் மக்களுக்கு என்ன இருக்கிறது?" என்பது அவர் வினா. வினா வெறும் வினாவன்று. அதன் பின்னால் சரித்திரமும் இருக்கிறது. ஓவியரின் தந்தை கோல்டிங் கொன்ஸ்டபிள் பிளாட்போர்ட்டிலும் டெடமிலும் மாவாலைகளை நடத்தியவர். ஸ்டூர் ஆற்றிலே சரக்குத் தோணிகளை ஓட்டியவர். தானியத்தை இலண்டனுக்கு அனுப்பிப் பொருளீட்டியவர். மகன் கீறிய உழவர்கள் விளைத்த தானியம் தந்தையின் ஆலைகளிலே மாவாயிற்று என்று நண்பர் சொன்னால் அதனை மறுக்க எம்மிடம் ஆதாரமில்லை.

ஆயினும் நண்பர் அந்தச் சித்திரங்களைப் பார்த்தபின் அவ்வினாவைக் கேட்கவில்லை, பார்க்காமலே கேட்டார். எமது வட்டாரங்களில் இது வழக்கமாகிவிட்டது. ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், அதில் வருபவன் யார், வரைந்தவன் எவ்வர்க்கத்தவன் என்ற இரண்டையுமே கேட்கிறோம். எவ்வாறு வரையப்பட்டிருக்கிறது என்று கேட்பவனை உருவவாதி என்று ஒதுக்குகிறோம். கலை கலைக்காகவே என்று கூறித் திரிவோருக்குக் கோடு, வடிவம், ஒளி, நிழல் யாவற்றையும் தாரை வார்த்துவிட்டு நாம் உள்ளடக்கத்தை மட்டும் கைப்பற்றிக்கொண்டோம். கோட்டை விட்டோம், அச்சொல்லின் இரு பொருளிலும் விட்டோம்.

கோட்டினைப் பற்றிப் பேசுமுன் கருவியைப் பற்றிச் சில சொல்லவேண்டும். பென்சிலின் கரிக்கு நாம் காரீயம் என்று பெயரிட்டிருக்கிறோம். ஆங்கிலேயரும் அதனைக் கரிய ஈயம் என்றே வழங்கினர். அதில் ஈயமே கிடையாது, அது கரியின் ஒரு வகையே என்று 1779 இல் சுவீடிய இரசாயன அறிஞர் ஷீலே நிறுவினார். பெயர் மட்டும் மாறாது நின்றுவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே பொறோடேல் என்னும் மலைப்பிரதேசத்தில் மிகச் சிறந்த காரீயம் கட்டி கட்டியாகக் கிடைத்தது. பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுகளுக்கும் அது வேண்டப்பட்டமையால், அதைத் திருடுவோரைக் கடுந்தண்டனைக்கு உட்படுத்த 1752 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிற்று. 1793 இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டபோது பிரெஞ்சு நாட்டுக்கு அக்காரீயம் கிட்டாது போயிற்று. அதன் விளைவாகவே நிக்கொலா ஜாக் கொன்டே என்பவர் காரீயத் தூளைக் களிமண்ணுடன் பிசைந்து சூளையிற் சுட்டுப் புதிய பென்சிலைச் செய்தார். அதற்கான உரிமம் 1795 இல் கிடைத்தது. களிமண் கூடினாற் பென்சில் வன்மையாகும், குறைந்தால் மென்மையாகும். இன்று எம் பிள்ளைகளின் கொப்பிகளிற் கிடக்கும் பென்சில் அப்போரின் பேரப்பிள்ளை. எமது சப்பிரகமுவ மலைகளிலே தோண்டியெடுக்கப்பட்ட காரீயமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கப்பலேறிற்று. ஆனால் அதிற் பெரும்பகுதி சென்றது சித்திரக்காரரிடமன்று, உலோகம் உருக்கும் மூசைகளுக்கே.

இத்தகைய கருவியால் ஓவியனுக்கு நேர்ந்த நன்மை என்ன? வர்ணத்துக்கு எண்ணெய் வேண்டும், தட்டு வேண்டும், நிறுத்தி வைக்கும் சட்டம் வேண்டும், உலர்வதற்கு நாட்கள் வேண்டும். மைக்குக் கூடக் கூடு வேண்டும். பென்சிலுக்கு ஒரு கை போதும். வயல் வரம்பில் நின்று, ஏர் ஒரு சால் ஓட்டி அப்பால் திரும்பி வருவதற்கிடையில், மனிதனையும் குதிரைகளையும் பிடித்துவிடலாம். கொப்பி மிகச் சிறியதாகையால் தோளையோ முழங்கையையோ அசைக்க இடமில்லை. மணிக்கட்டின் அசைவு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு கோடும் சிறியது. ஐந்தாறு கோடுகளில் ஒரு மனிதன் உண்டாகவேண்டும். உண்டாகாவிட்டால் அவன் போய்விடுவான். வேலை செய்பவன் சித்திரக்காரனுக்காகக் காத்திருப்பதில்லை.

கோடு என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது புறக்கோடு. பாடசாலையில் எமக்கு அதையே கற்பித்தனர். பின்னர் நாமும் பிள்ளைகளுக்கு அதையே கற்பித்தோம். முதலிற் பொருளைச் சுற்றி வேலியடைப்பது போலக் கோடிடவேண்டும். பிறகு உள்ளே விரலால் தேய்த்து நிழலூட்டவேண்டும். இம்முறை இழிவானதன்று. அக்காலத்து யேர்மனிய மனோரதிய ஓவியர்கள் இதனை எல்லைவரை கொண்டு சென்றவர்கள். இத்தாலியின் மலைக்கிராமங்களில் அவர்கள் கூராக்கிய பென்சிலால் ஒவ்வோர் இலையையும், ஒவ்வோர் ஆடை மடிப்பையும் பிரித்துப் பிரித்து வரைந்தனர். லூட்விக் றிக்டர் தமது வாழ்க்கைச் சரிதையிலே ஒரு செய்தி கூறுகிறார். தாமும் நண்பர் மூவருமாகத் திவோலியில் அமர்ந்து, இயற்கையிலிருந்து மயிரிழையும் பிசகுவதில்லையென்று உறுதிபூண்டு ஒரே காட்சியை வரைந்தார்களாம். முடிவில் நான்கு சித்திரங்களும் அவற்றை வரைந்த நால்வரையும் போலவே வேறுபட்டிருந்தனவாம். கோடு பொருளைக் காட்டுவதோடு வரைபவன் நிற்குமிடத்தையும் காட்டிவிடுகிறது. அந்த யேர்மனியர் வரைந்த இத்தாலியக் குடியானவர்கள் அழகானவர்கள். ஆனால் வேத புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போல ஓய்ந்து நிற்கிறார்கள். வேலியடைத்த கோட்டுக்குள்ளே அவர்களுக்கு வியர்ப்பதில்லை.

கொன்ஸ்டபிளின் உழவனை நோக்குக. அவனைச் சுற்றி வேலி இல்லை. பிடரியிலிருந்து இறங்கும் முதுகு ஒரு சாய்வு. கைகள் எங்கே முடிந்தன, மேழி எங்கே தொடங்கிற்று என்று பிரித்தறிய முடியாது. தோளிற் புறப்பட்ட கோடு மேழியின் வழியே கலப்பைக்குள் ஓடிவிடுகிறது. காலடியிலோ கோடே இல்லை. மண்ணைக் காட்டும் சாய்ந்த கீறல்கள் அவனுடைய காலையும் உட்கொண்டுவிட்டன. முகமென்று சொல்லத்தக்கதொன்றும் இல்லை. தொப்பிக்கு ஓர் அழுத்தம், அவ்வளவே. ஆனாலும் அவன் தள்ளுகிறானா, இழுபடுகிறானா, களைத்துவிட்டானா, இன்னும் அரை நாள் தாங்குவானா என்பதெல்லாம் தெரிகின்றன.

இது எவ்வாறு கூடிற்று என்று அறிய நாம் அந்த உருவத்தைப் பார்த்துக் கீறிப் பழகினோம். முதலிற் கோட்டை அப்படியே பிரதிசெய்தோம். கிடைத்தது கலப்பையின் அருகே குனிந்து நிற்கும் ஒருவன், அவ்வளவுதான். பிறகு சபோக் கலப்பையைப் பற்றி வாசித்தோம். அது முன்னாற் சில்லில்லாத கலப்பை. சில்லுள்ள கலப்பையில் உழவின் ஆழத்தைச் சில்லு பார்த்துக்கொள்ளும். சில்லில்லாக் கலப்பையில் அதை உழவனின் உடம்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மேழியைச் சற்று அழுத்தினாற் கொழு மேலெழும். தூக்கினால் ஆழப் பாயும். குதிரைகள் இரண்டையும் கயிற்றினால் ஓட்டுபவனும் அவனே. எனவே அவன் உடல் ஒருபோதும் நேரே நிற்பதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலே தராசு முள்ளைப் போல ஆடிக்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மீண்டும் கீறினோம். இம்முறை பென்சிலைத் தோளில் அழுத்தமாக வைத்து இடுப்பில் இளக்கினோம், உருவம் அசைந்தது. கோட்டின் அழுத்தமும் இளக்கமும் அழகுக்காக வந்தவையல்ல. கலப்பையின் அமைப்பும் களிமண்ணின் எதிர்ப்பும் மனித முதுகின் வழியாகக் கடதாசியில் இறங்கியிருக்கின்றன. வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்கக் கத்தி தேடும் நண்பர்கள், இந்த இடத்தில் எங்கே வெட்டுவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் உரோமாபுரியில் இன்னொரு பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ஓவியர் ஆங்கிர் 1806 முதல் 1820 வரை அங்கு வாழ்ந்தவர். 1815 இல் நெப்போலியன் வீழ்ந்தபின், பெரிய ஓவியங்களை வாங்குவோர் அற்றுப்போக, சுற்றுலா வந்த ஆங்கிலச் சீமான்களையும் சீமாட்டிகளையும் பென்சிலால் வரைந்து வயிறு வளர்த்தார். அதைப் பற்றி அவருக்கே வெறுப்பு. சிறு உருவப்படம் வரைபவர் வீடு இதுவா என்று வந்து கேட்ட ஒருவரிடம், இல்லை, இங்கிருப்பவர் ஓர் ஓவியர் என்று சொல்லிக் கதவடைத்தாரென்று கதையுண்டு. தம்மை மனோரதிய இயக்கத்தோடு சேர்த்துப் பேசுவதையும் அவர் பொறுத்திருக்க மாட்டார். ஆயினும் அவருடைய பென்சிற் சித்திரங்களைக் கொன்ஸ்டபிளினவற்றுக்கு அருகில் வைத்தால் ஓர் உண்மை கண்ணைக் குத்துகிறது. ஆங்கிர் முகத்துக்கு எத்தனை உழைப்பைத் தருகிறார்! கன்னத்தின் வளைவு, இமையின் நிழல், உதட்டோரத்துப் பெருமிதம் யாவும் நுண்ணிய புள்ளிகளாலும் மெல்லிய கீறல்களாலும் திரண்டு வருகின்றன. கழுத்துக்குக் கீழே வந்ததும் சட்டையும் கையுறையும் சில விரைந்த கோடுகளில் முடிந்துவிடுகின்றன. பணம் தந்தவர் வாங்கியது முகத்தை. பணந்தராத உழவனுக்குக் கொன்ஸ்டபிள் கொடுத்தது முதுகை. ஒருவருக்குப் பெயரும் முகமும். மற்றவருக்குப் பாரமும் சாய்வும். இரண்டும் சிறந்த கோடுகளே. சமுதாயம் இருவகைக் கோடுகளாகப் பிளவுண்டு கிடந்ததை இவ்விரு பென்சில்களும் தம்மையறியாமலே பதிந்துவைத்துள்ளன.

கொப்பியிலிருந்து உழவன் கண்காட்சிக்கு எவ்வாறு சென்றான் என்பதையும் பார்க்கவேண்டும். அப்பென்சிற் சித்திரத்தைக் கொண்டு கொன்ஸ்டபிள் சபோக்கில் ஓர் உழவுக் காட்சியை வர்ணத்தில் வரைந்து, 1814 இல் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைத்தார். றொபேட் புளூம்பீல்ட் என்னும் கவிஞரின் அடிகளையும் அதனோடு சேர்த்திருந்தார். புளூம்பீல்ட் இளமையிற் சபோக் பண்ணையொன்றில் வேலை செய்து, பின்னர் இலண்டனிற் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1800 இல் வெளிவந்த அவருடைய நூல் பல்லாயிரம் பிரதிகள் விற்றும், 1823 இல் வறுமையிலேயே இறந்தவர். ஓவியத்தை அல்நட் என்ற மதுபான வணிகர் வாங்கினார். வாங்கியவருக்கு அதன் வானம் பிடிக்கவில்லை. வேறோர் ஓவியரைக் கொண்டு புதிய வானம் தீட்டுவித்தார். பிறகு அதுவும் பிடிக்காமற் போகவே பழையபடி ஆக்கித் தருமாறு கொன்ஸ்டபிளையே வேண்டினார். ஓவியரோ, முன்பின் அறியாத ஒருவர் தம் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கிய நன்றிக்காக, முழுவதையும் புதிதாக வரைந்து கூலியின்றிக் கொடுத்தார். வானத்தை மாற்றும் அதிகாரம் வாங்குபவனுக்கு உண்டு. சட்டைப்பைக் கொப்பியில் அந்த அதிகாரம் செல்லவில்லை. அதை விற்பதற்காக அவர் கீறவில்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விடமுடியவில்லை. அதே 1814 இல், ஈஸ்ட் பேர்கோல்ட்டின் பெருவீட்டுப் பெண்ணுக்குத் திருமணம். பிறந்த ஊரின் காட்சியை அவளுக்கு நினைவுப் பரிசாக வரையுமாறு மணமகன் கொன்ஸ்டபிளிடம் பொறுப்பளித்தார். அவர் வரைந்தது டெடம் பள்ளத்தாக்கு; முன்னணியில், கண்ணுக்கு நேரே, எருக் குவியலை வெட்டி வண்டியிலேற்றும் கூலியாட்கள்! இன்று பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் அந்த ஓவியம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வயலுக்கு எருவிடுவது அவ்வூர் வழக்கம். அவர் கண்டது அதுவே. கலியாணப் பரிசில் எருவைக் கொட்டிய ஓவியரை வெறும் சீமான் வீட்டுப் பிள்ளை என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

ஆனால் நண்பரின் பக்கத்திலும் நியாயம் உண்டென்றோம். அது இங்கேதான் வருகிறது. கொப்பியில் அங்குல அளவில் இருந்தபோது உழவன் தன் முதுகால் பக்கத்தையே தாங்கினான். ஓவியம் அகலமாக அகலமாக அவன் அகலவில்லை. வானம் வளர்ந்தது, மரங்கள் வளர்ந்தன, மேகங்கள் அற்புதமாயின. உழவன் தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக நின்றுவிட்டான். பின்னைய ஆண்டுகளின் பேரோவியங்களில் மனிதர்கள் நிலத்தின் அணிகலன்கள் போலாகினர். 1824 இல் பாரிஸ் கண்காட்சியில் அவருக்குப் பொற்பதக்கம் பெற்றுத் தந்த வைக்கோல் வண்டி ஓவியத்திலும் கண் முதலிற் காண்பது ஒளியையும் நீரையும். வயலின் கோடியில் அறுவடை செய்வோரைத் தேடித்தான் காணவேண்டும்.

அவர்கள் அவ்வளவு அமைதியாகவும் இருக்கவில்லை. 1815 இற் போர் முடிந்தது, படையிலிருந்து கலைக்கப்பட்டோர் ஊர் திரும்பினர், வேலை இல்லை. அவ்வாண்டே வந்த தானியச் சட்டம் நிலப்பிரபுக்களின் விலையைக் காத்தது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டன, ஈஸ்ட் பேர்கோல்ட்டின் பொதுநிலமும் அக்காலத்திலேயே அடைக்கப்பட்டது. 1816 இற் கிழக்கு இங்கிலாந்தில் அப்பமா இரத்தமா என்று கேட்டு மக்கள் எழுந்தனர். ஈலி நகரில் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். 1822 இற் சபோக்கிற் சூடடிக்கும் யந்திரங்கள் உடைக்கப்பட்டன. இரவுதோறும் தீ தென்படுகிறதென்று ஊரிலிருந்து சகோதரர் எழுதியதைக் கொன்ஸ்டபிளே தம் நண்பருக்குத் தெரிவித்தார். 1830 இல் தென்னிங்கிலாந்து முழுவதும் கிளர்ச்சி பரவியது. பத்தொன்பது பேர் தூக்கில் மாண்டனர், ஏறக்குறைய ஐந்நூறு பேர் கடல் கடத்தப்பட்டனர். இவற்றில் ஒன்றேனும் அவருடைய ஓவியத்தில் வரவில்லை. வாக்குரிமைச் சீர்திருத்தம் வந்தபோது அவர் அஞ்சினார். ஆட்சி கீழ்மக்கள் கையிற் போய்விடுமென்று எழுதினார். அவர்களுடைய முதுகைத் தாம் முன்பொருமுறை எவ்வளவு சரியாக அறிந்திருந்தார் என்பது அப்போது அவர் நினைவில் இருந்திருக்குமோ!

ஆகவே இரண்டு கொன்ஸ்டபிள்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. ஒருவர்தான். அவருடைய மூளை தன் வர்க்கத்தின் அச்சத்தைச் சுமந்தது. அவருடைய கை வரம்பில் நின்ற நேரங்களில், கண்டதைக் கண்டபடி கீறிற்று. கைக்கும் உழவனுக்கும் இடையே வாங்குபவனும் கண்காட்சியும் விலையும் வராத அந்தச் சில நிமிடங்களிற் கோடு நேர்மையாக இருந்தது. அந்த நிமிடங்களை நாம் உரிமை கோராவிட்டால் வேறு யார் கோருவார்கள்? உழைக்கும் உடலை அறிந்து கீறிய கோட்டினை, கீறியவரின் வாக்குச் சீட்டைக் காட்டி நிராகரிப்பது உழைப்பவனுக்குச் செய்யும் மரியாதையென்று எமக்குத் தோன்றவில்லை. அதே வேளை, எருக் குவியலைக் காட்டி அவரை முற்போக்குவாதியாக்கி மாலைசூட்டுவதும் பொய்யே.

கொப்பியின் உழவன் ஓவியத்தில் முழு அளவில் நிற்பதற்கு இன்னொருவர் வரவேண்டியிருந்தது. இரண்டாவது கொப்பி நிரம்பிக்கொண்டிருந்த 1814 இன் ஒக்ரோபர் மாதம் 4 ஆம் திகதி, நோர்மண்டியின் குறுச்சி என்னும் குக்கிராமத்தில், குடியானவர் வீடொன்றில் ஜோன் பிரான்சுவா மிலே பிறந்தார். விதைப்பவனும் கதிர் பொறுக்கும் பெண்களும் அவருடைய கரிய கோடுகளிற் பருத்துத் திரண்டு படத்தின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்டனர். அவர் ஏர்ப்பக்கம் நின்று பார்த்தவரல்லர், ஏரைப் பிடித்தவர். அவரைப் பற்றி வேறொரு முறை எழுதுவோம்.

1814 இன் கொப்பியில், செப்டெம்பர் 7 ஆம் திகதியிட்ட பக்கமொன்று உண்டு. பிளாட்போர்ட்டில், நீர் வடித்த பள்ளத்தினுள்ளே, தந்தையாரின் சரக்குத் தோணியொன்று கட்டப்பட்டு வருகிறது. வயிறு அகன்ற அத்தோணியின் வளைவு சில கோடுகளிற் பிடிபட்டிருக்கிறது. இச்சித்திரத்திலிருந்து எழுந்த வர்ண ஓவியம் 1815 இல் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வந்தது. அதில் ஓடாவி தோணியோரம் வேலை செய்கிறான். கருவிகள் நிலத்திற் பரந்து கிடக்கின்றன. ஒருபுறம் கீல் காய்கிறது. கொன்ஸ்டபிள் இதனை வீட்டுக்குள் கொண்டுபோய் முடிக்காமல், முழுவதையும் அவ்விடத்திலேயே, திறந்த வெளியில் இருந்து வரைந்தாரென்பர். மாலையில் எப்போது தூரிகையைக் கீழே வைப்பது என்பதை அவருக்குத் தெரிவித்தது தூரத்து வீடொன்றின் புகைபோக்கி என்றும் ஒரு செய்தி உண்டு. வேலைவிட்டு வரும் ஆட்களின் இராச்சாப்பாட்டுக்கு அங்கே அடுப்பு மூட்டியதும் புகை நேரே மேலெழும். அதைக் கண்டதும் அவர் வர்ணத் தட்டைக் கழுவத் தொடங்குவாராம்.